அடுத்த கட்டிலுக்கு அம்மாள் வரமாட்டாள்

பழைய மாணவிகள் சங்க மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: போர்டிங் எமக்குத் தந்த முழுமையான கல்வி. நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி பியானோவைப் பற்றி எழுதுவாள், ஒருத்தி வலைப்பந்தைப் பற்றி. இன்னொருத்தி, விடிய ஐந்து மணிக்கு மணியடித்து எழுப்பின பழக்கம்தான் கனடாவில் பனிக்குள் வேலைக்குப் போக உதவியது என்பாள். எழுதுங்கள், அதில் பொய்யில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அரைப் பக்கத்துக்கு மேல் பேனை ஓடவில்லை. அந்தக் கல்வி எனக்கு எதற்குப் பயன்பட்டது என்று சொல்லப்போனால் ஒரு பக்கம் காணாது. சொன்ன பிறகு நீங்கள் அதை மலரில் போடுவீர்களோ, அதுவும் தெரியாது.

நான் போர்டிங்குக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. தைப்பொங்கல் முடிந்த கையோடு அப்பா என்னையும் ஒரு றங்குப் பெட்டியையும் இணுவிலிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து கன்னியர் மடத்துத் தலைவி மதரின் அறையில் நிறுத்தினார். இங்கே பாடப் புத்தகம் மட்டும் இல்லை, பாட்டு, தையல், தேகாப்பியாசம், தோட்டவேலை, முதலுதவி, நாடகம், ஒழுக்கம் எல்லாம் பழக்குவோம், பிள்ளை முழுமனுசியாக வெளியே வருவாள் என்று மதர் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புகையிலைத் தோட்டம் செய்கிற மனிதன், பியானோவுக்கும் தலையாட்டினார். அப்பாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஏனென்றால் நான் அங்கே வந்தது எதற்கு என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் எனக்குச் சின்னமுத்து, தட்டம்மை என்பார்களே அது, வந்தது. அப்போது அம்மாவுக்கு ஆறு மாதம். எனக்கு வருத்தம் மாறி ஒரு கிழமையில் அம்மாவும் அதே வருத்தத்தில் படுத்தா. பிள்ளை தங்கவில்லை. செத்தவீட்டுக்கு வருவதுபோல சனம் வந்து போன ஒரு நாளில், அப்பாவின் தமக்கை, என் மாமி, குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே பக்கத்து வீட்டு மனுசிக்குச் சொன்னா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உவள்தான் வருத்தத்தைக் கொண்டுவந்து தாயின்ரை வயித்திலை வைச்சவள். பிள்ளைதின்னி."

மாமி கெட்ட மனுசி இல்லை. வாய் அப்படி. பின்னேரம் அதே கையால் எனக்குத் தலையிழுத்துப் பின்னியும் விட்டா. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தீர்ப்பு. அன்றிலிருந்து என் கையை நானே வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். எனக்குக் கேட்டதோ என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுபடி அம்மாவுக்கு வயிறு தெரியத் தொடங்கியபோது வீட்டில் போர்டிங் கதை எழும்பியது. இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை.

அதனால் மற்றப் பிள்ளைகளைப்போல நான் முதல் மாதம் அழவில்லை. வீட்டுக்கு நான் தூரம் என்பதே எனக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தால் நான் இரண்டு அடி தள்ளி நின்று கதைப்பேன். அவர் கொண்டுவரும் சாப்பாட்டுப் பெட்டியைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பேன். அப்பா பூரித்துப்போனார். சிஸ்ரர்மார் எவ்வளவு வடிவாகப் பழக்கியிருக்கினம் என்று வீட்டில் சொன்னாராம்.

எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவள் குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடற்றொழில். மாதா கோயில் சுவாமியார் கதைத்து இடம் எடுத்துக் கொடுத்திருந்தார். நீல நூலில் கோத்த மாதாவின் சுருவம், சின்னப் பதக்கம் ஒன்று, அவளின் கழுத்தில் எப்போதும் கிடக்கும். எனக்கு முழங்காலில் உரசினாலும் அதை எடுத்து அந்த இடத்தில் ஒற்றிவிட்டு, சரி மாறிவிடும் என்பாள். மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு அவளுக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். அவன் எவ்வளவு பெரியவன் என்பதை இரண்டு கையாலும் காட்டிக் காட்டி அவள் சொன்னதில் பாதி நாள் போகும். ஒரு ஞாயிறு தாய் அவனைக் கொண்டுவந்தா. அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடியெல்லாம் திரிந்தாள். போர்டிங் முழுக்க வரிசையில் நின்று கொஞ்சியது. நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். தூக்கிப் பார் என்றாள். மாட்டேன் என்றேன். உனக்குப் பிள்ளைகளைப் பிடிக்காதோ என்று கேட்டாள். இல்லை என்றேன்.

போர்டிங்கின் சட்டம் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கவேண்டும். தொற்று வருத்தம் வந்தால் வன்னிப் பிள்ளைகளும் மலைநாட்டுப் பிள்ளைகளும் தனியறையில் கிடக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வீடு உள்ளவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டும். போர்டிங் சிஸ்ரர் அதை முதல் கிழமையே வாசித்தார். அம்மாவுக்குப் பங்குனி முடியப் பிள்ளை கிடைக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு நாளும் நாட்காட்டியைப் பார்த்தேன்.

மாசி முடிகிற கிழமை, கிணற்றடியில் குளிக்க நின்றபோது, நெஞ்சில் ஒரு தண்ணீர்ப் பரு கண்டேன். வயிற்றில் இன்னும் இரண்டு. எங்களூரில் அதைக் கொப்புளிப்பான் என்று சொல்லக்கூட மாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். எனக்குச் சாவுப் பயம் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். படலையைத் திறந்துகொண்டு நான் உள்ளே போவதும், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி வருவதும், பின்னால் மாமி நிற்பதும் என் கண்ணுக்கு முன்னால் அப்படியே தெரிந்தது.

இங்கேதான் முழுமையான கல்வி கைகொடுத்தது. கன்னியாஸ்திரிகள் எங்களை உடம்பு தெரியாமல் குளிக்கப் பழக்கியிருந்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை சட்டை, அதற்குள்ளேயே சவர்க்காரம், அதற்குள்ளேயே உடுப்பு மாற்றம். யார் முதுகில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் கொப்புளம் போட்டவுடன் தையல் வகுப்பில் நான் இரண்டு சட்டைகளின் கைகளை அவிழ்த்து, மிச்சத் துணி வைத்து மணிக்கட்டுவரை நீட்டினேன். தையல் ரீச்சர் என் தையலை வகுப்புக்கே தூக்கிக் காட்டினா. தாடையில் ஒன்று வந்தது. தேகாப்பியாசத்தின்போது வேண்டுமென்றே விழுந்து, முதலுதவி வகுப்பில் படித்தபடி நானே பஞ்சு வைத்து பிளாஸ்ரர் ஒட்டினேன். நெற்றியோரத்தில் ஒன்றுக்கு நாடகப் பெட்டியிலிருந்த ரோசாப் பவுடர். காய்ச்சல் அடித்த அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க நானாகவே கேட்டுப் போனேன். வெயிலில் முகம் சிவந்தால் அது வெயில்தானே. சிஸ்ரர் என் தலையைத் தடவி, மற்றப் பிள்ளைகளும் உன்னைப்போல இருக்கவேண்டும் என்றார். அந்தக் கை படும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

சுகாதாரப் பாடத்தில் தொற்று நோய் பற்றி எனக்கு நிறையப் புள்ளி. அது காற்றால், தொடுகையால் பரவும் என்று பிழையில்லாமல் எழுதியிருந்தேன். ஆனால் அது சோதனைக்கு எழுதுவது. வீட்டில் படித்தது வேறு. அம்மாள் எங்கள் ஆள். வேப்பிலை கட்டின சைவ வீட்டு முற்றத்துக்கு வருவா. மாதா படம் மாட்டின வேதக்கார வீட்டில் அவவுக்கு என்ன அலுவல்? ஒரு தெய்வத்தின் வளவுக்குள் இன்னொரு தெய்வம் கால் வைக்காது என்றுதான் நான் உறுதியாக நம்பினேன். வேலி எல்லைக்காகக் கோர்ட்டுக்குப் போகிற சனத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்?

ஆகவே நான் மிகக் கவனமாக இருந்தேன். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு சைவப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சாப்பிட இருக்கவில்லை. அவர்களிடம் நூல்கூட வாங்கவில்லை. அவர்கள் எனக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று கதைத்தார்கள். கதைக்கட்டும் என்று விட்டேன். அவர்களை விட்டு விலகிய தூரமெல்லாம் குருநகர்காரிக்குக் கிட்டப்போனேன். அவளோடுதான் சாப்பாடு, அவளோடுதான் விளையாட்டு. மாதா அவளின் கழுத்திலேயே காவல் நிற்கிறா, எனக்கு என்ன கவலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஓய்வு மணியில் எனக்கு உதறல் எடுத்தது. அவள் கேட்காமலே என் கட்டிலுக்கு வந்து, தன் போர்வையையும் போட்டு, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தாள். சுருவத்தைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். அன்று பின்னேரம்வரை அது என் நெஞ்சில், கொப்புளத்துக்கு மேலே கிடந்தது. எழும்பி அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் கொஞ்சிவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வந்தது கொஞ்சம்தான். இருபதோ முப்பதோ இருக்கும். கொப்புளம் காய்ந்த கடைசி அசறும் உதிர்ந்தபோது நான் கிணற்றடியில் நின்று இரண்டு பக்கத்துக்கும் நன்றி சொன்னேன். மாரியம்மனுக்கு ஒருக்கால், மாதாவுக்கு ஒருக்கால். ஒருவரும் காணவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது வயதில் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நான் நினைத்தேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். காலைப் பூசைக்கு வரிசையில் நின்றபோது சிஸ்ரர் குருநகர்காரியை வெளியே இழுத்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னத்தில், கழுத்தில், காதடியில் எல்லாம் கொப்புளம். அவளுக்கு நிறைய வந்திருந்தது.

எனக்கு விளங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பார்த்த அந்த நிமிசமே விளங்கியது. வேலி இல்லை. ஒரு வேலியும் இருக்கவில்லை.

சிஸ்ரருக்கும் விளங்கியது, ஆனால் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிற கடற்கரைச் சனம்தான் கொண்டுவந்து கொடுத்தது என்றார். தாய் கொண்டுவந்த பார்சல், தாயின் சீலை, அங்கேயுள்ள நெருக்கம் எல்லாவற்றுக்கும் பழி விழுந்தது. ஒருவரும் எங்கள் வரிசைப் பிள்ளைகளின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தகப்பனுக்கு ஆள் போனது. அவள் றங்குப் பெட்டிக்கு மேலே இருந்துகொண்டு ஒரே கதையைச் சொன்னாள்.

"வீட்டிலை தம்பி இருக்கிறான் சிஸ்ரர். மூண்டு மாசம்தான். என்னை இஞ்சையே வைச்சிருங்கோ."

சட்டம் சட்டம்தான் என்று சிஸ்ரர் சொன்னார். கல்நெஞ்சுக்காரி இல்லை அந்த மனுசி. நாற்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பு. நான் தூணோடு நின்றேன். சிஸ்ரர், எனக்குத்தான் முதலில் வந்தது, அவள் என் கட்டிலில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தவள், அவளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், தம்பி இருக்கிறான் என்று சொல்லலாம். சொன்னால் மதர் வந்து கேட்டிருப்பார். ஒருவேளை அவளைத் தனியறையில் வைத்தும் இருப்பார்கள். ஆனால் எனக்கு மாறியிருந்தாலும் என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வாயை மூடியது. அம்மாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவள் தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து, பெட்டியைப் பின்னால் கட்டி, படலையால் போகிறபோது எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன். சட்டைக் கை மணிக்கட்டுவரை இருந்தது.

தவணை முடிவில் பரிசளிப்பு. சுத்தத்துக்கும் அடக்கத்துக்கும் எனக்குப் பரிசு தந்தார்கள். வெயில் காலத்திலும் நீட்டுக்கை போட்ட பிள்ளை என்று மதர் மேடையில் சொன்னார். அப்பா பின் வரிசை வாங்கிலிலிருந்து கை தட்டினார்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் தம்பி பிறந்தான். வடிவான பிள்ளை, குறையில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னா. நான் கையைக் கொடுக்கவில்லை. பயந்தவள்போல நிற்கிறாள் என்று அம்மா சிரித்தா. நல்ல வேளை இவள் போர்டிங்கிலை இருந்தது என்று மாமி சொன்னா. இந்த முறை எல்லோருக்கும் முன்னால் சொன்னா.

விடுமுறை முடிந்து திரும்பிப் போனோம். அவள் ஒரு கிழமை பிந்தி வந்தாள். தலையில் கறுப்பு ரிபன். முகத்தில் வடு. சனிக்கிழமை தோய்க்கிற கல்லடியில் நானும் அவளும் மட்டும் நின்றோம். அவள் சட்டையை அடித்துக்கொண்டே சொன்னாள்.

"தம்பி செத்துப்போனான். எனக்கு மாறினாப் பிறகு அவனுக்கு வந்து, சளி நெஞ்சுக்கை இறங்கி, பெரியாஸ்பத்திரியிலை ரெண்டு நாள் கிடந்தவன். நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். அம்மா என்னோடை கதைக்கிறேல்லை."

அந்த வசனம் எனக்குப் பழக்கமானது. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அதே தீர்ப்பு, இப்போது அவளின் வாயில். அதோடு இருப்பது எப்படி என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். ஒரு சொல்லில் அதை அவளிடமிருந்து எடுத்துவிடலாம். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, உனக்கு எப்பவாவது இந்த வருத்தம் வந்ததோ என்று கேட்டாள். ஏன் கேட்டாளோ தெரியாது. ஒருவேளை சும்மாதான்.

"இல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ நடந்தது. அவள் படித்தாள், கலியாணம் கட்டினாள், இடம்பெயர்ந்தாள், திரும்பிக் குருநகருக்கே வந்தாள். நான் ரீச்சராகி, சுகாதாரம் படிப்பித்து, ஓய்வும் எடுத்துவிட்டேன். நல்லது கெட்டதில் சந்தித்தோம், கட்டிப்பிடித்தோம். ஒவ்வொரு முறையும் பஸ் ஏறும்போது இந்த முறை சொல்லவேண்டும் என்று போவேன், இறங்கும்போது பயம் முதலில் இறங்கிவிடும். போன ஒன்றுகூடலில் நீங்களும் அந்த மேசையில் இருந்தீர்கள். பிறந்த பிள்ளையை மூன்று மாதம் முடியும்வரை தான் தூக்குவதில்லை, தன் பிள்ளைகளையே தாய் வீட்டுப் பெண்கள்தான் குளிப்பாட்டித் தந்தார்கள், தன்ரை கை ராசியில்லாத கை என்று அவள் பகிடியாகச் சொன்னாள். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மலருக்கு எழுதக் கேட்ட பிறகு நேற்றுப் போனேன். மகன் வீட்டு விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். உள்ளே மருமகளும் பிறந்து பதினெட்டு நாளான பேத்தியும். தேத்தண்ணி ஆறும்வரை நான் வேறு கதைகள் கதைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மாமி சொன்னதிலிருந்து அந்த ஒற்றைச் சொல்வரை. எழுதவும் போகிறேன் என்றேன்.

கோபிப்பாள், அழுவாள், எழும்பிப் போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராகப் போயிருந்தேன்.

"எழுது. என்ரை பேரைப் போடாதை" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அம்மா போன வருசம் மட்டும் உயிரோடை இருந்தவா. தொண்ணூத்திரண்டு வயது. கடைசிமட்டும் என்னட்டை அவனைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை. நீ அவவிட்டைச் சொல்லியிருக்கலாம்."

உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. மருமகள் கிணற்றடியில் நின்றாள்போல, வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவள் வந்து தூக்கும்வரை நாங்கள் இருவரும் இருந்த கதிரைகளிலேயே இருந்தோம்.